தெருப்பூனைக் கூட்டத்துக்குக் கருத்தடை: கூண்டு வைப்பது முதல் திரும்ப விடுவது வரை

தெருவில் ஒரு பூனைக்குச் சாப்பாடு வைக்க ஆரம்பித்து, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் தட்டைச் சுற்றி ஒன்பது பூனை நிற்கும். இதில் யார் தப்பும் இல்லை. பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடுகிறது. சினைக்காலம் 63 முதல் 65 நாள், ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 4 குட்டி, அதுவும் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய்க்கு அடுத்த சினை பிடித்துவிடும். பூனைக்குக் கடுவனோடு சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும், அதனால் சேர்ந்தால் பெரும்பாலும் சினைதான். பகல் நீளமான மாதங்கள் அவற்றின் சேர்க்கைக் காலம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து இடங்களில் பகலின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை என்பதால் அங்கே வருஷம் முழுக்கக் குட்டி போடும்.

பெருகிவிடுகிறதே என்ற கவலையில் மட்டும் நான் இதை எழுதவில்லை. பிறப்பதில் எத்தனை சாகின்றன என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளுக்குப் பிறந்த 169 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் ஆவதற்குள் 127 குட்டிகள் செத்தோ காணாமலோ போயிருந்தன. நாலில் மூன்று. கண் ஒட்டிப்போன குட்டியைக் கையில் வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அது மூச்சை விட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதாக இருக்காது. ஒரு பெட்டைக்கு ஆபரேஷன் செய்தால் இப்படிச் சாவதற்கென்றே பிறக்கும் குட்டிகள் பிறக்காமல் இருக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த வேலையின் முழு நியாயமும் இதில் இருக்கிறது.

செய்ய வேண்டியது மூன்று காரியம்: கூண்டு வைத்துப் பிடிப்பது, ஆபரேஷன் செய்து தடுப்பூசி போடுவது, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. இதில் திரும்ப விடுவதுதான் பலருக்கும் புரிவதில்லை. பிடித்ததுதான் பிடித்தோம், எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமே என்பார்கள். ஒரு இடத்தில் பூனை இருக்கிறது என்றால் அங்கே சாப்பாடும் ஒதுங்க இடமும் இருக்கிறது என்று பொருள். இருக்கிற பூனைகளைத் தூக்கிவிட்டால் அந்தச் சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருப் பூனைகள் வரும், ஆபரேஷன் ஆகாத அவை குட்டி போடும், ஒரு வருஷத்தில் பழைய கதை. தூக்கிக்கொண்டு போய் விடப்பட்ட பூனையோ தெரியாத இடத்தில் அங்குள்ள பூனைகளிடம் அடிபட்டு, தண்ணீர் எங்கே என்று தெரியாமல், பல நேரம் தன் பழைய இடத்தைத் தேடிச் சாலையில் நடந்தே செத்துப்போகும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த வேலையும் இதில்தான் நிற்கிறது. ஒரு கூட்டத்தை எடுத்தால் கடைசிப் பூனை வரை முடியுங்கள். இந்தத் தெருவில் இரண்டு, அந்தத் தெருவில் மூன்று என்று கைக்குச் சிக்கியதைப் பிடித்துக்கொண்டே போனால் வருஷக் கணக்கில் உழைத்தாலும் எண்ணிக்கை இறங்காது. பொதுவாக ஒரு கூட்டத்தில் முக்கால்வாசிக்காவது ஆபரேஷன் ஆனால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும். எட்டில் ஐந்து முடித்துவிட்டு மீதி மூன்று பெட்டைகளை விட்டால் அந்த மூன்றே கூட்டத்தை மறுபடி நிரப்பிவிடும். முழுதாகச் செய்த இடங்களில் பலன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 1991இல் தொடங்கினார்கள், 1996இல் எண்ணியபோது 68 பூனை, 2002இல் 23. அந்த எண்ணிக்கை குறைந்ததில் பழகிய பூனைகளையும் குட்டிகளையும் வீடுகளுக்குக் கொடுத்ததற்கும் பெரிய பங்கு உண்டு. மாசசூசெட்ஸில் நியூபரிபோர்ட் ஆற்றங்கரையில் 1992இல் ஏறக்குறைய 300 பூனைகள் இருந்தன. கடைசிப் பூனை 2009இல் வயதாகிச் செத்தது. பதினேழு வருஷம் ஆனது உண்மைதான், ஆனால் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக யாரும் எதையும் கொல்லவில்லை.

முதலில் எண்ணுங்கள்

கூண்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பாடு வையுங்கள், அரை மணி நேரத்தில் மீதியை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டு நிறைந்திருந்தால் பூனை எந்நேரமும் வரும், எந்நேரமும் போகும், எதையும் எண்ண முடியாது. பிற்பாடு கூண்டுக்குள்ளும் வராது, பசி இருக்காதே. நேரம் பழகிவிட்டால் ஐந்தாம் நாள் நீங்கள் தட்டோடு வரும்போதே மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, நோட்டில் ஒரு பெயரும் அடையாளமும் எழுதுங்கள். வால் நுனி வெள்ளையா, மூக்கில் மச்சம் உண்டா, எந்தக் கால் வெள்ளை. கறுப்புப் பூனை நாலு இருந்தால் கஷ்டம்தான், அப்போது வால் மடங்கியிருக்கிறதா, காதில் கிழிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணா பெண்ணா என்பதைத் தூரத்திலிருந்தே ஓரளவு சொல்லலாம். கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதுமே பெட்டைதான், ஏனென்றால் கறுப்பும் செம்மஞ்சளும் சேர்ந்து வர இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும். முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் கடுவன். வயது வந்த கடுவனுக்குக் கன்னம் இரண்டும் உப்பி, தலை பெரிதாக, முகத்தில் பழைய சண்டைத் தழும்புகள் இருக்கும். பெட்டைகளின் வயிற்றைக் கவனமாகப் பாருங்கள். காம்பு பெரிதாகி, சுற்றியுள்ள முடி ஈரத்தில் ஒட்டி, மடி தொங்கினால் எங்கேயோ பால்குடிக் குட்டிகள் இருக்கின்றன. இந்தக் குறிப்பு இல்லாமல் கூண்டு வைக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

அக்கம்பக்கத்து வீடுகளில் இந்த வாரமே பேசிவிடுங்கள். எந்தப் பூனை யாருடையது என்று அப்போதுதான் தெரியும், வேறு யாரெல்லாம் சாப்பாடு வைக்கிறார்கள் என்பதும் தெரியும். நீங்கள் பட்டினி போடும் அன்றைக்கு அடுத்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தால் எந்தப் பூனையும் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பூனை என்றாலே பிடிக்காதவர்களிடமும் பேசுங்கள். இரவில் கத்துவதும், சுவரில் மூத்திரம் அடிப்பதும், சண்டையும் குறையும் என்று சொன்னால் அவர்களே கூண்டு வைக்க இடம் தருவார்கள். அது வெறும் பேச்சும் இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு இந்த மூன்றும் நிஜமாகவே குறையும்.

டாக்டரிடம் நேரம் வாங்கிய பிறகுதான் கூண்டு

பூனையைப் பிடித்துவிட்டு டாக்டரைத் தேடாதீர்கள். மனிதரிடம் பழகாத தெருப்பூனையைப் பிடித்து மூன்று நாள் கூண்டில் வைத்திருப்பது அதற்கு நரகம். முதலில் கால்நடை மருத்துவரிடம் தேதியும் எத்தனை பூனை என்பதும் பேசி முடியுங்கள். கூண்டோடு கொண்டுவரும் கைக்கு வராத பூனைகளுக்கு ஆபரேஷன் செய்வீர்களா என்று நேராகக் கேளுங்கள், எல்லாரும் செய்வதில்லை. கரைந்துபோகும் தையல்தான் போட வேண்டும், தையல் பிரிக்க அந்தப் பூனையை மறுபடி பிடிக்க முடியாது. வலிக்கான ஊசியும், வேண்டியிருந்தால் நீண்ட நேரம் வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் ஊசியும் மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும், தினம் மாத்திரை கொடுக்கச் சொன்னால் உங்களால் முடியாது. ரேபிஸ் தடுப்பூசியும் அப்போதே. காது நுனி வெட்டுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காது விஷயத்தில் முதலில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஒரு காதின் நுனியை, வழக்கமாக இடது காதில், பெரிய பூனைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேர்கோடாக வெட்டிவிடுவார்கள். மயக்கத்தில் செய்வதால் வலி தெரியாது, சீக்கிரம் ஆறிவிடும். பட்டை கட்டினால் கிளையில் மாட்டிக் கழுத்தை நெரிக்கும், பச்சை குத்தினால் பார்ப்பதற்கே மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டும், காது ஓரத்தில் சின்ன வெட்டுப்போட்டால் சண்டைக் கிழிசலோடு குழம்பும். நேராக வெட்டிய காது நுனி மட்டும்தான் தூரத்திலிருந்தே தெரியும். அது தெரிந்தால் அந்தப் பூனையை யாரும் இரண்டாவது தடவை பிடித்து வயிற்றைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

குட்டிகளுக்கு எந்த வயதில் செய்யலாம் என்ற கேள்வி வரும். இரண்டு மாதம் ஆகி ஏறக்குறைய ஒரு கிலோ எடை வந்த, ஆரோக்கியமான குட்டிக்கு, பழக்கப்பட்ட டாக்டர் பயமில்லாமல் செய்வார். சினைப் பூனைக்கும் செய்ய முடியும், கர்ப்பப்பையோடு கருவும் போய்விடும். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆரம்பச் சினை என்றால் செய்துவிடுங்கள் என்றுதான் நான் டாக்டரிடம் சொல்கிறேன், அந்த 169இல் 127 என்ற கணக்கு என் கண் முன்னால் நிற்பதால். பிரசவத்துக்கு நாலைந்து நாள்தான் இருக்கிறது என்ற நிலையில் டாக்டர் சொல்வதைக் கேட்டு நடங்கள்.

கூண்டும் பசியும்

வெறுங்கையால் பிடிக்கலாம், சாக்குப் போட்டு அமுக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். பழகாத பூனை பிடிபட்டால் எலும்பு வரை கடிக்கும். கம்பிவலையால் செய்த பிடிகூண்டு, 75 முதல் 90 சென்டிமீட்டர் நீளம், உள்ளே ஒரு தகட்டை மிதித்தால் பின்னால் கதவு விழ வேண்டும். மறுமுனையிலும் மேலே இழுத்துத் திறக்கிற கதவு இருந்தால் விடும்போதும், தண்ணீர் வைக்கும்போதும் சுலபம். இரவல் கிடைக்கிறதா என்று பாருங்கள், ஏற்கெனவே இந்த வேலை செய்பவர்கள் கொடுப்பார்கள்.

கூண்டைக் கொண்டுபோய் வைத்த அன்றைக்கே பிடிக்கப் பார்க்காதீர்கள். நாலைந்து நாள் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தபடியே வைத்து, வழக்கமான சாப்பாட்டை முதலில் வாசலில், அடுத்த நாள் கொஞ்சம் உள்ளே, அதற்கடுத்த நாள் கடைக்கோடியில் என்று நகர்த்திக்கொண்டே போங்கள். பூனை கூண்டை ஒரு சாமானாகக்கூட மதிக்காமல் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே முகம் கழுவிக்கொண்டிருக்கும் நாள் வரும். அதுதான் சரியான நேரம்.

பிடிக்கும் நாளுக்கு முந்தின நாள் சாப்பாடு வைக்காதீர்கள், 24 மணி நேரப் பசி வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. வெயில் கொளுத்தும் மதியத்திலும் கொட்டுகிற மழையிலும் கூண்டு வைக்காதீர்கள். கூண்டு ஆடாமல் சமமான தரையில் நிற்க வேண்டும், கால் வைத்ததும் ஆடினால் பூனை பின்வாங்கிவிடும், அப்புறம் ஒரு வாரம் பக்கத்தில் வராது. அடியில் செய்தித்தாளை மடித்துப் போடுங்கள், காலுக்குக் கம்பி உறுத்தாது. எண்ணெயில் ஊறிய டப்பா மீன் மாதிரி வாசனை பலமாக இருப்பது வேண்டும். வாசலில் ஒரு சொட்டு, நடுவில் ஒரு சொட்டு, தகட்டுக்கு அந்தப் பக்கம் கடைசியில் ஒரு ஸ்பூன். அதற்கு மேல் வைக்காதீர்கள், மறுநாள் மயக்க மருந்து கொடுக்க வேண்டிய வயிறு அது.

வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், ஆனால் கூண்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆளில்லாமல் விட்டுப் போனால் நாய் வந்து மிரட்டும், யாராவது திறந்துவிடுவார்கள், அல்லது கூண்டையே கொண்டுபோய்விடுவார்கள். பூனை உள்ளே போகும்போது ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்கும், நடுவில் நின்று திரும்பி வாசலைப் பார்க்கும், நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்வீர்கள், அப்புறம் கழுத்தை நீட்டி மீனை எட்டப் பார்த்து, எட்டாமல் முன்னங்காலைத் தகட்டில் வைக்கும். டமால். அடுத்த நொடி அது கூண்டுக்குள் சுவரில் அடித்த பந்து மாதிரி மோத ஆரம்பிக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் கை நடுங்கும். நேராக ஓடிப்போய்ப் பெரிய போர்வையால் கூண்டை முழுக்க மூடுங்கள். பத்து எண்ணுவதற்குள் சத்தம் நின்றுவிடும். இருட்டானால் பூனை அடங்கும், இந்த வேலையில் போர்வைக்கு நிகரான மருந்து கிடையாது. நல்ல வார்த்தை சொல்லித் தடவிக்கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், உங்கள் குரல் அந்த நேரத்தில் அதற்குப் பயம்தான்.

காது வெட்டிய பூனை மாட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள். பால் கொடுக்கும் தாய் மாட்டினால்தான் யோசிக்க வேண்டும். குட்டிகள் ஐந்தாறு வாரம் ஆகித் தானாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு பிடிப்பதுதான் நல்லது, முடிந்தவரை காத்திருங்கள். தப்பித் தவறி மாட்டிவிட்டது, இனிமேல் இது கூண்டுப் பக்கமே வராது என்று தோன்றினால் அன்றைக்கே ஆபரேஷன் முடித்து, நன்றாக விழித்ததும் 12 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஒரு நாளுக்குள் பிடித்த இடத்தில் விட்டுவிட வேண்டும். ஆபரேஷனால் பால் நின்றுவிடாது. குட்டிகளிடம் சீக்கிரம் திரும்பிப் போவதுதான் முக்கியம்.

முந்தின இரவும் அடுத்த நாளும்

பிடித்த பூனையை அதே கூண்டில், மூடியபடியே, நாய் குரைப்போ டிவி சத்தமோ இல்லாத ஒரு அறையில் வையுங்கள். ரொம்பச் சூடும் வேண்டாம், குளிர்க்காற்றும் வேண்டாம். வேறு பெட்டிக்கு மாற்ற முயன்றால் அறைக்குள் ஓடி அலமாரிக்குப் பின்னால் போய்விடும், அதை வெளியே எடுக்க இன்னொரு கூண்டு வைக்க வேண்டியிருக்கும். ஒரு கூண்டில் ஒரு பூனைதான். பெரிய பூனைக்கு இரவுக்கு மேல் சாப்பாடு வேண்டாம். குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும், எத்தனை மணி வரை கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டில் ஒரு அட்டை கட்டி நோட்டில் உள்ள பெயர், அடையாளம், பிடித்த இடம் எழுதுங்கள். எட்டுப் பூனை ஒரே நாளில் போகும்போது எது எங்கிருந்து வந்தது என்று குழம்பினால் பெரிய தப்பாகிவிடும்.

ஆபரேஷன் முடிந்து வரும் பூனைக்கு முதல் சில மணி நேரம்தான் கண்டம். மயக்கத்தில் உடம்புச் சூடு இறங்கியிருக்கும், அடியில் புதுத் துணியோ தாளோ போட்டு, மேலே மூடி, அறையைக் கதகதப்பாக வையுங்கள். கண் திறந்தே இருக்கும், பயப்படாதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை போர்வையைக் கொஞ்சம் தூக்கி மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளாடும், தலை ஆடும், அது சரியாகிவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, தையலிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, ஈறு வெளுத்துப்போனாலோ, பல மணி நேரம் ஆகியும் விழிக்காவிட்டாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி. தலையை நிமிர்த்தி முழு நினைவோடு உட்கார்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் சாப்பாடு.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்து மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், அதன் ஈரலால் அதை முறிக்க முடியாது. அதே மாதிரி நாய்க்குப் போடுகிற உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் அது பூனைக்கு விஷம். இரக்கத்தில் செய்து பூனையை இழந்த நல்ல மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

உங்களைக் கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போய் ரேபிஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். சின்னக் கடிதானே என்று விடாதீர்கள். பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும், மேலே தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் வைத்துவிடும்.

கடுவனை மறுநாளே விடலாம். பெட்டைக்கு 24 முதல் 48 மணி நேரம் வேண்டும், தையல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து. பிடித்த அதே இடத்தில், வண்டி நடமாட்டம் குறைவான அதிகாலையில், கூண்டின் வாயைச் சாலைக்கு எதிர்ப்பக்கம், புதரையோ மதிலையோ பார்த்துத் திருப்பி வைத்துத் திறங்கள். சில பூனை அம்பு மாதிரி போகும், சில ஒரு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக்கு வராவிட்டால் கவலைப்படாதீர்கள், கோபம் தணிந்ததும் வரும். கடுவன் விஷயத்தில் ஒன்று நினைவிருக்கட்டும்: ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரம் அதனால் சினைப்படுத்த முடியும்.

கடைசிப் பூனை

நான் முதலில் எடுத்த கூட்டத்தில் எட்டுப் பூனை. ஏழு இரண்டே வாரத்தில் முடிந்தது. எட்டாவது, சாம்பல் நிறப் பெட்டை. மற்ற ஏழும் கூண்டுக்குள் போனதை மதில் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது அது. இருபத்து மூன்று நாள் கூண்டுக்கு எட்டடி தள்ளி உட்கார்ந்து என்னைப் பார்த்ததே தவிர உள்ளே ஒரு கால் வைக்கவில்லை. ஏழு முடிந்துவிட்டதே, ஒன்றுதானே, விட்டுவிடலாமா என்று மனம் சொன்னது. இந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கூண்டுக்குப் பழகாத பூனைக்கு வேறு வழிகள் உண்டு. தகட்டை நம்பாமல், கூண்டுக் கதவைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலால் முட்டுக்கொடுத்து, பாட்டிலில் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுக்கலாம். வாசலில் நின்று சாப்பிட்டுப் பழகி, தகட்டை மட்டும் தாண்டிக் குதிக்கிற பூனைக்கு இது சரிப்படும். குட்டிகள் உங்கள் கையில் இருந்தால், அவற்றைப் பத்திரமான கம்பிப்பெட்டியில் வைத்துக் கூண்டின் பின்முனையை ஒட்டி வைத்து, இரண்டையும் ஒரே துணியால் மூடினால் தாய் குரல் கேட்டு உள்ளே வரும். எனக்குக் கைகொடுத்தது மேலிருந்து விழும் கூண்டு. பெரிய மரச்சட்டம், அடி திறப்பு, சுற்றியும் மேலேயும் வலை. ஒரு பக்கத்தைக் குச்சியால் தூக்கி நிறுத்தி, குச்சியில் நீளமாகக் கயிறு. மூன்று நாள் அதன் அடியில் சாப்பாடு மட்டும் வைத்தேன், கயிற்றைத் தொடவே இல்லை. முதல் நாள் தலையை மட்டும் நீட்டிச் சாப்பிட்டது. வால் வரை முழுசாக நடுவில் வராமல் இழுக்கக் கூடாது, விளிம்பு விழுந்தால் முதுகெலும்பு போய்விடும். நாலாம் நாள் சாயங்காலம் அது தட்டுக்கு அந்தப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டது, வால் காலைச் சுற்றியிருந்தது. இழுத்தேன். போர்வையோடு ஓடினேன். பக்கவாட்டுக் கதவோடு சாதாரணக் கூண்டின் வாயை ஒட்டி வைத்து, வெளிச்சம் விழாமல் அந்தப் பக்கத்தை மட்டும் இருட்டாக்கியதும் தானாகவே உள்ளே போய்விட்டது.

ஆபரேஷனை முடித்துவிட்டு வந்த டாக்டர், வயிற்றில் நாலு கரு இருந்ததாகச் சொன்னார். விட்டிருந்தால் இரண்டு மாதத்துக்குள் எண்ணிக்கை பன்னிரண்டு.

முடிந்த பிறகு

குட்டிகளை ஏழெட்டு வாரத்துக்குள் கையில் எடுத்துப் பழக்கினால் வீட்டுப் பூனையாக வளரும், வீடு கொடுக்க ஆள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். மூன்று நாலு மாதம் தாண்டிக் காட்டுத்தனமாக வளர்ந்ததை வீட்டுக்குள் அடைப்பது அதற்குத் தண்டனை, அதை வெளியிலேயே விடுங்கள். ஆபரேஷன் ஆன பூனைகள் கொஞ்சம் சதை போடும், முடி பளபளக்கும். சண்டை குறைவதால் கடி வழியாகப் பரவி, பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கிற எஃப்ஐவி கிருமியும் குறையும். பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது. சீக்கிரமே செய்தால் மடிப் புற்று வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைந்துவிடும்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆன பூனையும் பறவையைப் பிடிக்கும். தரையில் கூடு கட்டும் அரிய பறவைகள் உள்ள தீவுகளுக்கும், சரணாலயத்தை ஒட்டிய இடங்களுக்கும் பிடித்துத் திரும்ப விடும் இந்த முறை பொருந்தாது. அங்கே பூனைகளை வேலி போட்ட காப்பிடங்களுக்கு மாற்றுவது போன்ற வேறு வழிகளைத்தான் தேட வேண்டும். மற்ற இடங்களிலும் பறவைகள் வரும் நேரமான அதிகாலையில் பூனைகள் பசியோடு இல்லாதபடி சாப்பாட்டு நேரத்தை வைத்துக்கொள்ளலாம், தட்டை மரத்தடியிலிருந்து தள்ளி வைக்கலாம்.

நோட்டை மட்டும் மூடிவிடாதீர்கள். கூட்டம் முடிந்த பிறகு நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது காதுகளைத்தான். வெட்டாத காது ஒன்று தட்டருகே தெரிந்தால் புதுப் பூனை வந்திருக்கிறது, யாரோ கொண்டுவந்து விட்டிருக்கலாம், தானாக வந்திருக்கலாம். அது பெட்டையா கடுவனா என்று பார்த்து எழுதிவிட்டு, அந்த வாரமே கூண்டை எடுங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளினால் ஒன்பது வாரத்தில் பதில் கிடைத்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தட்டுக்கு ஒரு செம்மஞ்சள் கடுவன் வந்தது, கன்னம் உப்பி, மூக்கில் ஆறாத கீறலோடு, இரண்டு காதும் முழுசாக. கூண்டுக் கதவைக் கட்டித் திறந்து வைத்திருக்கிறேன். நேற்று பாதி உடம்பு உள்ளே வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனது. டாக்டரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.